முடக்குவாதத்துக்கு பயாலஜிக் ஊசி: எக்கோவில் இதயம் பலவீனம் என்று வந்த பிறகும் போடலாமா?

தேன்மொழி_ஆர்

அம்மாவுக்கு வயசு 63. ரொம்ப வருஷமா முடக்குவாதம். மெதோட்ரெக்ஸேட் வாரம் ஒருமுறை, ஹைட்ராக்ஸிகுளோரோகுவின், ப்ரெட்னிசோலோன் 7.5 மி.கி. இதெல்லாம் போட்டும் விரல் வீக்கம் அடங்கல. காலையில் சட்டை பட்டன் போடவே யாராவது வேணும். அதனால வாதநோய் டாக்டர் அடாலிமுமாப் என்ற பயாலஜிக் ஊசி (அழற்சியைத் தூண்டற குறிப்பிட்ட புரதத்தையோ செல்லையோ குறிவைக்கிற வகை மருந்து) ஆரம்பிக்கலாம்னு சொன்னார், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 40 மி.கி.

அதுக்குள்ள கால் வீங்கிடுச்சு. எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தா இ.எஃப்., அதாவது இதயம் ஒரு துடிப்புல வெளியே தள்ளற ரத்தத்தோட பங்கு, 36 சதவீதம்தான், இயல்பைவிடக் குறைவு. வீட்டுக்குள்ள நடந்தாலே மூச்சு வாங்குது. இதய டாக்டர் "பயாலஜிக் எதுவும் வேண்டாம், இதயத்துக்கு ஆகாது" என்று ஒரே வரியில் முடிச்சுட்டார். வாத டாக்டரோ "வீக்கத்தை இப்படியே விட்டா அதுவும் இதயத்தைத்தான் கெடுக்கும்" என்கிறார். இரண்டு பேரும் சொல்றது சரின்னு தோணுது, அதுதான் பிரச்சினை. யாராவது இந்த நிலைமையைக் கடந்து வந்திருக்கீங்களா?

மூட்டுக்காரன்

நான் எட்டு வருஷமா இந்த ஊசி உலகத்துல இருக்கேன். முதல்ல எடனெர்செப்ட், அது கேட்காமப் போனதும் டோசிலிசுமாப். இதயத்துக்கு ஒண்ணும் ஆகல. ஆனா இரண்டாவது மருந்துல கொலஸ்ட்ரால் ஏறுச்சு பாருங்க, லேப்காரரே போன் பண்ணி "சார், வெறும் வயித்துலதானே வந்தீங்க?"ன்னு கேட்டார். டாக்டர் கொலஸ்ட்ராலைக் குறைக்கிற ஸ்டாட்டின் மாத்திரை எழுதிக் கொடுத்துட்டு, "இது எதிர்பார்த்ததுதான்" என்றார். எதிர்பார்த்ததுன்னா ஊசி போடறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாமே என்பது என் தரப்பு.

உங்க அம்மா விஷயம் வேற மாதிரி இருக்கு. எழில் டாக்டர் இந்தப் பக்கம் வந்தா நல்லது.

பச்சிலை

எல்லாரும் கோபப்படாதீங்க. இவ்வளவு மருந்து ஏத்தின உடம்புல இதயம் எப்படித் தாங்கும்? கொஞ்ச காலம் எல்லாத்தையும் நிறுத்திப் பாருங்க. உடம்பு தானா ஒரு நிலைக்கு வரும். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் மூலிகைப் பொடியில் எழுந்து நடக்கிறார்.

மருந்துப்பெட்டி

பச்சிலை, ப்ரெட்னிசோலோனை இத்தனை வருஷம் எடுத்தவர் திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் தெரியுமா? உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய ஸ்டீராய்டைச் சுரக்க மறந்திருக்கும். ரத்த அழுத்தம் விழுந்து ஆளே மயங்கலாம். "எல்லாத்தையும் நிறுத்திப் பாருங்க" என்று முகம் தெரியாத ஒருவருக்கு எழுத வேண்டாம். அந்தப் பொடியையும் ஒருமுறை பரிசோதனைக்குக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மூட்டுவலியை அதிசயமாகத் தீர்க்கும் பெயரில்லாப் பொடிகளில் ஸ்டீராய்டே கலந்திருப்பது எங்கள் தொழிலில் பழைய கதை.

தேன்மொழி, ஒரு கேள்வி. அம்மா வலிக்கு வேறு ஏதாவது மாத்திரை போடுகிறார்களா? சீட்டில் இல்லாதது?

தேன்மொழி_ஆர்

டைக்ளோஃபெனாக். தினமும் இல்ல. சரி, கேட்டுப் பார்த்தேன், கிட்டத்தட்ட தினமும்தான். "டாக்டருக்குத் தெரியாதா?"ன்னு கேட்டா "இதெல்லாம் ஒரு மருந்தா, அதைப் போய் சொல்லுவாங்களா" என்கிறார்.

மருந்துப்பெட்டி

அதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். பயாலஜிக் பற்றிய விவாதம் நாளைக்கும் நடக்கும், இது காத்திருக்காது. இந்த வகை வலிமாத்திரைகள் சிறுநீரகத்தில் உப்பையும் நீரையும் பிடித்து வைக்கும். பலவீனமான இதயத்துக்கு அது நேரடிச் சுமை. டைக்ளோஃபெனாக் இன்னும் மோசம்: இதயச் செயலிழப்பு, மாரடைப்பு வரலாறு உள்ளவர்களுக்கு அது கூடவே கூடாது என்று ஐரோப்பிய மருந்து முகமை 2013-இலேயே சொல்லிவிட்டது. கால் வீக்கத்தில் இதற்கு எவ்வளவு பங்கு என்பது நிறுத்தினால்தான் தெரியும். இதய டாக்டரிடமும் இதைச் சொல்லுங்கள், அவர் எழுதிய நீர் மாத்திரையின் வேலையை இது பாதியில் தடுத்துக்கொண்டிருக்கலாம்.

எழில் (வாதநோய் மருத்துவர்)

மூட்டுக்காரன் கூப்பிட்டதால் வந்தேன். நேரில் பார்க்காத நோயாளிக்கு நான் மருந்து எழுத முடியாது. எது தெரிந்த விஷயம், எது பயம் என்பதை மட்டும் பிரித்துச் சொல்கிறேன்.

"பயாலஜிக்" என்பது ஒரே மருந்து இல்லை. அடாலிமுமாப், இன்ஃப்ளிக்ஸிமாப், எடனெர்செப்ட், கோலிமுமாப், செர்டோலிசுமாப் ஐந்தும் டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதத்தைத் தடுப்பவை. டோசிலிசுமாப், சாரிலுமாப் இரண்டும் ஐ.எல்-6 என்ற இன்னொரு அழற்சிப் புரதத்தின் ஏற்பியை அடைப்பவை. அபடாசெப்ட் டி-செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்களைத் தட்டியெழுப்பும் சமிக்ஞையை மறிக்கும். ரிடுக்ஸிமாப் இன்னொரு வகை நோயெதிர்ப்புச் செல்களான பி-செல்களை அழிக்கும். இதய விஷயத்தில் இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு கதை. உங்கள் இதய மருத்துவரின் எச்சரிக்கை பெரும்பாலும் முதல் குடும்பத்துக்குத்தான் பொருந்தும்.

அந்தக் குடும்பத்தின் கதை விசித்திரமானது. இதயம் செயலிழந்தவர்களின் ரத்தத்தில் டி.என்.எஃப். அதிகமாக இருப்பதை 1990-இல் கவனித்தார்கள். அப்படியானால் அதைத் தடுத்தால் இதயம் தேறும் என்று எல்லாரும் நம்பினோம். எடனெர்செப்டை இதய நோயாளிகள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த இரண்டு பெரிய சோதனைகள், பலன் தெரியாததால் 2001-இல் பாதியில் நிறுத்தப்பட்டன. இன்ஃப்ளிக்ஸிமாப் இன்னும் கெட்ட செய்தி கொண்டுவந்தது. 2003-இல் வெளியான அட்டாச் சோதனையில் நடுத்தர, தீவிர இதயச் செயலிழப்பு உள்ள 150 பேர். கிலோவுக்கு 10 மி.கி. வாங்கிய பிரிவில் இறப்பும், இதயம் மோசமாகி மருத்துவமனையில் சேர்வதும் கூடின. கிலோவுக்கு 5 மி.கி. வாங்கியவர்களுக்கும் நன்மை எதுவும் இல்லை. இதயத்துக்கு மருந்தாகும் என்று நினைத்துக் கொடுத்தது எச்சரிக்கையாக முடிந்தது. இன்று மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளில் இதயச் செயலிழப்பு பற்றி வரும் எச்சரிக்கை வரிக்கு இதுதான் பின்னணி.

அம்மாவின் நிலைக்கு வருவோம். மூச்சிரைப்பை வைத்து இதயச் செயலிழப்பை நான்கு நிலைகளாகப் பிரிப்போம். வழக்கமான வேலையில் மூச்சு வாங்கினால் இரண்டு. அதைவிடக் குறைந்த அசைவிலேயே வாங்கினால் மூன்று. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே என்றால் நான்கு. வீட்டுக்குள் நடந்தாலே மூச்சிரைப்பு என்பது மூன்று போலத் தெரிகிறது. மூன்று, நான்கு நிலைகளில் டி.என்.எஃப். தடுப்பானுக்குப் பதில் வேறு வகை மருந்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது அமெரிக்க வாதவியல் கல்லூரியின் 2021 வழிகாட்டி. ஐரோப்பாவில் அடாலிமுமாபும் இன்ஃப்ளிக்ஸிமாபும் இந்த நிலைகளில் கொடுக்கவே கூடாதவை. ஆக அடாலிமுமாப் வேண்டாம் என்பதில் இதய மருத்துவர் சரி. எக்கோ வருவதற்கு முன் அந்த மருந்தை யோசித்ததில் வாத மருத்துவர்மேலும் தவறில்லை. "எதுவும் வேண்டாம்" என்ற இடத்தில்தான் நான் வேறுபடுகிறேன்.

அலைமகன்

டாக்டர், நீங்க "எச்சரிக்கை வரி" என்று சொல்றீங்க. அந்த வரியை யார் படிக்கிறாங்க? என் அப்பாவுக்கு இன்ஃப்ளிக்ஸிமாப் ட்ரிப்ஸ் போட்டாங்க. பெரிய மருத்துவமனைதான். இதயம் எப்படி இருக்குன்னு ஒருத்தரும் கேட்கல. சில மாசத்துல மூச்சு திணற ஆரம்பிச்சுது, நெஞ்சுச் சளின்னு சொல்லி ஆன்டிபயாட்டிக் கொடுத்தாங்க. இதயம்னு கண்டுபிடிக்கிறப்போ ரொம்ப தாமதம். இந்த ஊசியை யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கணக்குவாத்தி

அலைமகன், வருத்தமா இருக்கு. ஆனா ஒருவர் கதையை வைத்து மருந்தை எடைபோட முடியாது. முடக்குவாதம் இருந்தாலே இதயநோய் வாய்ப்பு சுமார் ஒன்றரை மடங்கு. ஐரோப்பிய வழிகாட்டியே வழக்கமான இதய ஆபத்துக் கணக்கை 1.5-ஆல் பெருக்கச் சொல்லுது. அதிலும் ஊசி போடப்படுவது நோய் முற்றினவங்களுக்குத்தான், அதாவது ஏற்கெனவே ஆபத்து கூடினவங்களுக்கு. ஊசிக்குப் பிறகு நடந்தது எல்லாம் ஊசியால நடந்ததுன்னு ஆகாது.

மாரடைப்பை எடுத்துக்கிட்டா டி.என்.எஃப். தடுப்பான்கள் நல்ல பக்கம்தான் நிக்குது. இந்த ஊசி போடறவங்களைத் தொடர்ந்து கவனிக்கிற பிரிட்டன் பதிவேட்டில் 2007-இல் வந்த கணக்கு: ஆறு மாசத்துல ஊசிக்கு மூட்டு நல்லா இறங்கினவங்களுக்கு மாரடைப்பு ஆயிரம் பேருக்கு வருஷத்துக்கு 3.5. இறங்காதவங்களுக்கு 9.4. அதே பதிவேட்டில் 2017-இல் பெரிசா செஞ்ச ஆய்வு, சாதாரண மாத்திரைகளை மட்டும் எடுத்தவங்களோட ஒப்பிட்டா மாரடைப்பு 39 சதவீதம் குறைவுன்னு சொல்லுது. பதிவேட்டுக் கணக்குங்கறதால கொஞ்சம் ஜாக்கிரதையாத்தான் எடுத்துக்கணும், ஆனா திசை தெளிவா இருக்கு.

அலைமகன்

நீங்க கணக்கு போடுங்க. எங்க வீட்டுக்கு அது நூத்துக்கு நூறு.

எழில் (வாதநோய் மருத்துவர்)

கணக்குவாத்தி, மாரடைப்பும் இதயச் செயலிழப்பும் இரண்டு வேறு நோய்கள். முதலாவது ரத்தக்குழாய் அடைப்பு, இரண்டாவது பம்பின் தளர்ச்சி. ஒன்றில் நன்மை செய்யும் மருந்து மற்றொன்றில் தீமை செய்யலாம். நீங்கள் கொடுத்த எண்கள் எல்லாம் முதலாவதைப் பற்றியவை. அலைமகன் பேசுவது இரண்டாவதை.

அவர் சொல்வதைத் தள்ளிவிடவும் முடியாது. அமெரிக்காவில் எடனெர்செப்ட், இன்ஃப்ளிக்ஸிமாப் எடுத்த பின் இதயச் செயலிழப்பு வந்ததாகப் பதிவான 47 பேரை 2003-இல் அலசினார்கள். 38 பேருக்கு அது புதிதாக வந்தது. அதில் சரிபாதி, 19 பேருக்கு, வேறு இதய ஆபத்துக் காரணம் எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. புதிதாக வந்தவர்களில் பத்துப் பேர் 50 வயதுக்குக் கீழ். மருந்தை நிறுத்தி இதயத்துக்குச் சிகிச்சை கொடுத்ததும் அந்தப் பத்தில் மூவருக்கு முழுமையாகச் சரியானது, ஆறு பேர் தேறினார்கள், ஒருவர் இறந்தார். அரிது. ஆனால் இல்லாதது அல்ல. சீக்கிரம் கண்டுபிடித்து நிறுத்தினால் பெரும்பாலும் மீட்கலாம் என்பதையும் அதே தகவல்தான் காட்டுகிறது. அதனால்தான் உங்கள் அப்பா விஷயத்தில் மூச்சுத்திணறலைச் சளி என்று விட்டது எனக்கு உறுத்துகிறது.

எதிர்ப்பக்கம் ஜெர்மன் பதிவேடு இருக்கிறது, 2008-இல் வந்தது. மூட்டு அழற்சி நன்றாக அடங்கினால் டி.என்.எஃப். தடுப்பானால் இதயத்துக்குத் தீமையைவிட நன்மையே அதிகம் எதிர்பார்க்கலாம், அதுவும் ஸ்டீராய்டும் காக்ஸ்-2 வலிமாத்திரையும் கூடவே இல்லாவிட்டால், என்பது அவர்கள் முடிவு. இதயம் நன்றாக இருக்கும் நோயாளிக்கு நான் இன்றும் தயங்காமல் இந்த ஊசிகளை எழுதுகிறேன். தேன்மொழியின் அம்மாவுக்கு எழுத மாட்டேன். இரண்டும் ஒரே ஆதாரத்திலிருந்து வரும் முடிவுகள்தான்.

தேன்மொழி_ஆர்

அலைமகன் அண்ணா, நீங்க எழுதினதைப் படிச்சுட்டுத்தான் அம்மாவோட எடையைப் பார்த்தேன். ஏறியிருக்கு.

டாக்டர், அப்போ அம்மாவுக்கு வேற என்ன வழி? டோஃபாசிட்டினிப் மாத்திரை பற்றி ஒருத்தர் சொன்னாங்க. ஊசியே இல்லைன்னதும் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

கணக்குவாத்தி

அது பயாலஜிக் இல்ல, ஜாக் தடுப்பான், அதாவது செல்லுக்குள்ள அழற்சி சமிக்ஞையை மறிக்கிற மாத்திரை. 50 வயசுக்கு மேல, குறைந்தது ஒரு இதய ஆபத்துக் காரணியாவது உள்ள 4,362 பேரை வைத்து அதை டி.என்.எஃப். ஊசிகளோட ஒப்பிட்டாங்க, முடிவு 2022 ஜனவரியில் முழுசா வெளியானது. சராசரியா நாலு வருஷத்துல மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் மூணும் சேர்ந்து டோஃபாசிட்டினிப் பக்கம் 3.4 சதவீதம், ஊசி பக்கம் 2.5. ஆயிரம் பேருக்கு 34, 25. வித்தியாசம் பெரிசு இல்ல, ஆனா ஊசியைவிட மோசம் இல்லைன்னு அந்த மாத்திரையால நிரூபிக்க முடியல. அமெரிக்காவில் 2021 செப்டம்பரிலேயே கறுப்புப் பெட்டி எச்சரிக்கையை (அங்க மருந்துத் தாள்ல போடற மிகக் கடுமையான எச்சரிக்கை) விரிவாக்கிட்டாங்க. அம்மாவுக்கு 63, இதயமும் பலவீனம். நான்னா வேற வழி இருக்கிற வரைக்கும் அந்தப் பக்கம் போக மாட்டேன்.

இதுல ஒரு வேடிக்கை, நாம இங்க பயந்துட்டிருக்கிற ஊசிதான் அந்த ஆய்வில் பாதுகாப்பான பக்கம்.

எழில் (வாதநோய் மருத்துவர்)

ஊசி பயம் புரிகிறது, ஆனால் கணக்குவாத்தி சொல்வது சரி. மிச்சம் இருப்பவை மூன்று.

ரிடுக்ஸிமாப்: இரண்டு வார இடைவெளியில் இரண்டு ட்ரிப்ஸ், ஒவ்வொன்றும் 1000 மி.கி. ஏறும்போதே ரத்த அழுத்தம் இறங்குவது, நெஞ்சுவலி, துடிப்புத் தாளம் தப்புவது எல்லாம் நடக்கலாம். அதனால் ரத்த அழுத்த மாத்திரையை 12 மணி நேரம் முன்பே நிறுத்துவது பற்றி யோசிப்பார்கள். இதயச் செயலிழப்புக்காக அதே மாத்திரை எடுப்பவருக்கு அது சிக்கலான முடிவு. போதாததற்கு முன்மருந்தாக 100 மி.கி. மெதில்ப்ரெட்னிசோலோன் வேறு. நான்காம் நிலை இதயச் செயலிழப்பில் முடக்குவாதத்துக்கு இதைக் கொடுக்கக்கூடாது. மூன்றில் தடை இல்லை, எனக்கு விருப்பமும் இல்லை.

டோசிலிசுமாப்: இதயச் செயலிழப்புக்கென்று தடை இல்லை. மூட்டுக்காரனின் கொலஸ்ட்ரால் விஷயத்தைத் தனியாகச் சொல்கிறேன்.

அபடாசெப்ட்: வாரம் ஒருமுறை 125 மி.கி., தோலுக்கடியில் போடும் ஊசி. இதயம் தொடர்பான பெரிய எச்சரிக்கை எதுவும் அதன்மேல் இல்லை. ஆனால் மெதுவான மருந்து, பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகலாம். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் (சி.ஓ.பி.டி.) இருந்தால் யோசிக்க வேண்டும். உங்கள் வாத மருத்துவரிடம் இந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

மூட்டுக்காரன்

டாக்டர், நம்ம கொலஸ்ட்ரால்?

எழில் (வாதநோய் மருத்துவர்)

அழற்சி கொழுந்துவிடும்போது ரத்தத்தில் கொலஸ்ட்ரால் குறைவாகத்தான் இருக்கும், ஆனால் மாரடைப்பு வாய்ப்பு அதிகம். அழற்சி அடங்கினால் கொலஸ்ட்ரால் பழைய அளவுக்கு ஏறும். எல்லா மருந்திலும் ஓரளவு இது உண்டு, ஐ.எல்-6 தடுப்பான்களில் கூடுதல். அது மாரடைப்பாக மாறுமா என்ற கவலைக்காகவே டோசிலிசுமாபையும் எடனெர்செப்டையும் 3,080 பேரில் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள், 2020-இல் வெளியானது. எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரால்) முதல் மாதத்திலேயே டோசிலிசுமாப் பக்கம் சுமார் 11 சதவீதம் அதிகம். மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. உங்கள் டாக்டர் ஸ்டாட்டின் கொடுத்தது சரி. தொடங்கி 4 முதல் 8 வாரத்தில் கொழுப்புப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பதை முன்பே சொல்லாதது சரியில்லை, உங்கள் தரப்பு நியாயமானது.

மூட்டுக்காரன்

இதைப் பிரிண்ட் எடுத்து அடுத்த தடவை அவர் மேஜையில வைக்கப் போறேன்.

மருந்துப்பெட்டி

பிரிண்ட் எடுக்கும்போது எந்த ஸ்டாட்டின் என்பதையும் பாருங்கள். அழற்சி இருக்கும்போது ஐ.எல்-6 கல்லீரலின் மருந்துச் செரிப்பு நொதிகளை மந்தமாக்கி வைத்திருக்கும். டோசிலிசுமாப் போட்டதும் அந்த நொதிகள் விழித்துக்கொண்டு வேறு மருந்துகளை வேகமாகக் கரைக்கும். சிம்வாஸ்டாட்டின் அளவு ஒரே டோஸுக்குப் பின் ஒரு வாரத்தில் 57 சதவீதம் குறைந்தது பதிவாகியிருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம், ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் வேகத்தின் அளவு) மாறிவிடும்.

இன்னொன்று, டோசிலிசுமாப் போட்ட பின் அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான சி.ஆர்.பி. அளவை நம்பாதீர்கள். கல்லீரல் சி.ஆர்.பி. செய்ய ஐ.எல்-6 வேண்டும், அதை அடைத்துவிட்டோம். நெஞ்சில் தொற்று இருந்தாலும் ரிப்போர்ட் சுத்தமாக வரலாம். காய்ச்சல், இருமல், மூச்சிரைப்பு என்றால் "சி.ஆர்.பி. நார்மல்தானே" என்று வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது.

பச்சிலை

நான் சொன்ன ஆளிடம் பொடியைப் பரிசோதனைக்குக் கொடுக்கச் சொன்னேன். மாட்டேன் என்கிறார். சரி, நான் இதோடு விலகிக்கிறேன்.

அலைமகன்

தேன்மொழி, எடை ஏறுதுன்னு சொன்னீங்களே, அதை விடாதீங்க. எங்களுக்கு அப்போ யாரும் சொல்லித் தரல. தினமும் காலையில், சாப்பிடறதுக்கு முன்னாடி, ஒரே எடை மெஷின்ல. மூணு நாளைக்குள்ள இரண்டு கிலோ ஏறினா அது சதை இல்ல, தண்ணி. உடனே இதய டாக்டரைக் கூப்பிடுங்க. இரவு தலையணை கூடுதலா கேட்கிறாங்களா, படுத்தா இருமறாங்களான்னும் பாருங்க. எந்த மருந்து போட்டாலும் சரி.

எழில் (வாதநோய் மருத்துவர்)

இதில் நான் சேர்க்க ஒன்றுதான். எந்தப் பயாலஜிக் போடும் முன்பும் மூச்சிரைப்பு, கால் வீக்கம் பற்றிக் கேட்டு, சந்தேகம் இருந்தால் எக்கோ எடுக்க வேண்டும். எல்லாருக்கும் எக்கோ தேவையில்லை, எல்லாரிடமும் கேள்வி கேட்பது தேவை. டாக்டர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள்.

தேன்மொழி_ஆர்

நிலவரம் சொல்றேன். இரண்டு டாக்டரையும் நான் மாறி மாறிப் பார்த்து ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தரிடம் ஒப்பிக்கறதை நிறுத்தினேன். ஒருத்தர் அறையில இருந்தே இன்னொருத்தருக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். ஐந்து நிமிஷம்கூட ஆகல. அடாலிமுமாப் இல்லை. இதய மருந்துகளைச் சரிப்படுத்தி, மூச்சிரைப்பு குறைஞ்ச பிறகு அபடாசெப்ட். மெதோட்ரெக்ஸேட் தொடரும். ஊசி வேலை செய்ய ஆரம்பிச்சதும் ப்ரெட்னிசோலோனை மெல்ல மெல்ல இறக்கறதா திட்டம். ஹைட்ராக்ஸிகுளோரோகுவின் துடிப்பின் தாளத்தைப் பாதிக்கலாம்னு ஒரு ஈ.சி.ஜி. எடுத்தாங்க, பரவாயில்லை.

டைக்ளோஃபெனாக் நிறுத்தி நீர் மாத்திரையும் கூட்டினதுல கால் வீக்கம் நல்லாவே இறங்கிடுச்சு. ஆனா கை வலி தாங்கல. "இதயத்தைக் காப்பாத்தறேன்னு கையை விட்டுட்டீங்க"ன்னு அம்மா கோவிச்சுக்கறாங்க. ஊசி பலன் தர்ற வரைக்கும் பாராசிட்டமால் எடுக்கலாம்னு சொல்லியிருக்காங்க. அதுவாவது பாதுகாப்புதானே?

மருந்துப்பெட்டி

டாக்டர் சொன்ன அளவுக்குள் எடுக்கலாம். மெதோட்ரெக்ஸேட் இருப்பதால் கல்லீரல் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். விழுங்கும் மாத்திரையாக வாங்குங்கள். தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் வகை வேண்டாம், அதில் 500 மி.கி. மாத்திரை ஒன்றுக்கே கிட்டத்தட்ட 400 மி.கி. சோடியம் இருக்கும். நாளைக்கு நாலைந்து போட்டால் உப்பில்லாமல் சமைப்பதெல்லாம் வீண்.

தேன்மொழி_ஆர்

வீட்ல இருக்கிறது நுரைக்கிற வகைதான். மாத்தி வாங்கிட்டு வரேன்.